பாராயணத்துக்கு ஒரு பலகை

மயிலாடுதுறையில் மயூரநாதர் திருக்கோயிலுக்கு அருகே வசிக்கும் அந்த அம்மையாருக்கு வயது 82. மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், விடியற்காலையில் நீராடித் திருநீறு அணிந்து, விளக்கேற்றியபின் ஒரு பதிகமாவது ஓதாமல் அவர் காபியைக்கூடத் தொட்டதில்லை. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலத்தில் குடியிருந்துகொண்டு தேவாரம் ஓதாமல் இருப்பதா என்று மாமியார் சொல்லிக் கொடுத்த பழக்கம். கணவர் மறைந்த பின்னும், பிள்ளைகள் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின்னும் அது நின்றதில்லை.

ஐப்பசி மாதத் துலா நீராடலுக்காக ஊருக்கு வந்திருந்த மகள், ஒரு நாள் காலையில் பூசையறை வாசலில் நின்றபோது ஒன்றைக் கவனித்தார். அம்மாவின் வாய் சீகாழிப் பதிகத்தைப் பிசகின்றி ஓதிக்கொண்டிருந்தது. மடியில் விரிந்திருந்ததோ இரண்டாம் திருமுறையின் திருமருகல் பதிகம். இடையில் பக்கத்தைப் புரட்டவும் செய்தார்.

மகள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் பார்த்தார், அதற்கு அடுத்த நாளும் பார்த்தார். ஓதப்பட்டவை யாவும் மனப்பாடமான பதிகங்கள். புத்தகம் பெயருக்குத் திறந்திருந்தது. பிறகு மெல்ல விசாரித்தபோது அம்மையார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தை மாதத்திலிருந்தே எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்மா. உங்களிடம் சொன்னால் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று இரண்டு பேரும் லீவு போட்டுக்கொண்டு அலைவீர்கள். தெரிந்ததை ஓதினால் சுவாமி ஏற்றுக்கொள்ள மாட்டாரா என்று விட்டுவிட்டேன்."

பன்னிரு திருமுறைகளில் பாடல்கள் பதினெண்ணாயிரத்துக்கும் மேல். அம்மையாருக்கு மனப்பாடமாக இருந்தவை ஏறத்தாழ நாற்பது பதிகங்கள். ஒன்பது மாதமாக அவர் அந்த நாற்பதுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "ஓதுகிறேன், ஒரு குறையும் இல்லை" என்றே பதில் வந்தது.

இதில் மகளை மிகவும் உறுத்திய செய்தி வேறொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மகன் பத்து அங்குலத் திரையுள்ள டேப் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதற்காகவே வாங்கியது. அது பீரோவில், பழைய பட்டுத் துணியில் சுற்றப்பட்டு, பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. "தம்பி ஆசையாகக் கொடுத்தான். கீழே போட்டு உடைத்துவிட்டால்?" என்றார் அம்மையார்.

இப்படிப் பீரோவில் உறங்கும் கருவிகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. பிள்ளைகள் அன்பில் குறை வைப்பதில்லை. செலவிலும் குறை வைப்பதில்லை. பெற்றோர் எந்த நூலை, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி அமர்ந்து படிக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். பெற்றோரும் பிள்ளையின் மனம் நோகுமே என்று வாய் திறப்பதில்லை. ஆகவே, இத்தகைய கருவி வாங்கும் பேச்சு வீட்டில் எழும்போது, "எனக்கு எதற்கு இதெல்லாம்" என்று ஒதுங்காமல், தமக்கு வேண்டியது இன்னது என்று மூத்தோர் தாமே சொல்லிவிடுவது நல்லது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் சொல்வது எளிது.

கடைக்கு முன் கண் மருத்துவர்

எழுத்து மங்கத் தொடங்கினால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. மயிலாடுதுறை அம்மையாரை மகள் அங்குதான் முதலில் அழைத்துச் சென்றார். வலக்கண்ணில் கண்புரை முற்றியிருந்தது. இடக்கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி வயதினால் தேயத் தொடங்கியிருந்தது.

கண்புரைக்குச் சொட்டு மருந்தோ, புதிய கண்ணாடியோ, பெரிய எழுத்தோ தீர்வாகாது. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவைதான் வழி. பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். விழித்திரை நடுப்பகுதித் தேய்வு வேறு வகையானது. அதில் பெரும்பான்மையானது மெதுவாக வளர்வது. ஆனால் நேரான நிலைப்படி வளைந்து தெரிந்தாலோ, படிக்கும் வரியின் நடுவில் திடீரெனக் கறுப்புத் திட்டு விழுந்தாலோ, அது வேகமாகப் பார்வையைப் பறிக்கும் இன்னொரு வகையாக இருக்கக்கூடும். அதற்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து உண்டு. தாமதமின்றிப் போனால்தான் பயன். அந்த நேரத்தில் திரையின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சமாளிப்பது, எரியும் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைப்பது போன்றது.

இன்னொன்று. நூலைக் கையில் பிடித்துப் படிக்கும் தூரமும், பலகையில் நிறுத்தி வைத்துப் படிக்கும் தூரமும் ஒன்றல்ல. எந்தத் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்பதைப் பரிசோதனையின்போதே சொல்லிவிட வேண்டும். "படிக்கக் கண்ணாடி" என்று மட்டும் சொன்னால், கையில் பிடிக்கும் நூலுக்குரிய அளவையே எழுதித் தருவார்கள். அதை அணிந்துகொண்டு சற்றுத் தள்ளி நிற்கும் திரையைப் பார்த்தால் எழுத்து மீண்டும் கலங்கும். குற்றம் கருவியின் மேல் விழும்.

இரண்டு வகைத் திரைகள்

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று டேப்லட்; ஐபேட், ஆண்ட்ராய்டு டேப் யாவும் இந்த வகை. பெரிய கைப்பேசி என்று கொள்ளலாம். வண்ணத் திரை, படம், பாட்டு, பேச்சு, காணொளி எல்லாம் உண்டு. மற்றொன்று நூல் படிப்பதற்கென்றே அமைந்த கருவி. 'கிண்டில்' என்ற பெயரால் பலர் அறிந்தது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் இயங்கும் விதம் வேறு.

டேப் திரைக்குப் பின்னிருந்து ஒளி வருகிறது. விளக்கையே உற்றுப் பார்த்துப் படிப்பதற்கு அது சமம். கிண்டில் போன்றவற்றின் திரையில் மின்மை என்ற ஒன்று இருக்கிறது. மயிரிழை அளவுள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்விசை மாறும்போது சில குமிழ்களில் கறுப்புத் துகள் மேலே வருகிறது, சிலவற்றில் வெள்ளை. அப்படி அமைவதே எழுத்து. ஒருமுறை எழுத்து அமைந்துவிட்டால் அடுத்த பக்கம் புரட்டும் வரை மின்சாரம் வேண்டியதில்லை. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. வெயிலில், திண்ணையில், கோயில் பிராகாரத்தில் அமர்ந்து படித்தாலும் காகிதம் போலவே தெளிவாகத் தெரியும். விளக்குள்ள வகைகளில் ஒளி திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழுகிறதே தவிர, பின்னிருந்து கண்ணில் பாய்வதில்லை. மார்கழி இருட்டில், உறங்குபவர்களை எழுப்பாமல் திருவெம்பாவை படிக்க விரும்புபவருக்கு அது வசதி.

எடையையும் பார்க்க வேண்டும். பத்து அங்குல டேப் அரை கிலோ அளவில் இருக்கும். உறை போட்டால் இன்னும் கூடும். கிண்டில் அதில் பாதிக்கும் குறைவு. படுத்துக்கொண்டோ சாய்வு நாற்காலியிலோ கையில் பிடித்துப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் டேப்பைப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

இவ்வளவும் படித்தவர்கள் கிண்டில்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாம். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் நாவல் படிப்பவர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். பதிகமும் பாசுரமும் ஓதுபவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

செய்யுளுக்கு அடி உண்டு. அடி முடியும் இடத்தில்தான் மூச்சு. சீர் பிரியும் இடத்தில்தான் தாளம். ஆறு, ஏழு அங்குலத் திரையில் மூத்தோர் கண்ணுக்கு வேண்டிய அளவு எழுத்தைப் பெரிதாக்கினால், ஆசிரிய விருத்தத்தின் ஓரடி மூன்று வரியாக மடிந்து விழுகிறது. நான்கடிப் பாட்டுப் பன்னிரண்டு வரியாகச் சிதறுகிறது. நெடுங்காலம் ஓதிப் பழகியவருக்கு அது தெரிந்த முகத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பது போல. பத்து அங்குல டேப்பைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தால், எழுத்தும் பெரிதாகும், அடியும் பெரும்பாலும் உடையாமல் நிற்கும். எனவே செய்யுள் ஓதுபவருக்குப் பெரிய டேப். உரைநடை படிப்பவருக்குக் கிண்டில் என்று கொள்வதே பொருத்தம்.

அம்மையாரின் தம்பி கும்பகோணத்தில் இருக்கிறார், வயது 76. இரவில் உறக்கம் குறைவு. அவருக்குத் தலபுராண வசனங்களும் கதைகளும்தான் நாட்டம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் கிண்டிலில் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அக்காளுக்கும் அதையே வாங்கச் சொல்லித்தான் முதலில் வற்புறுத்தினார். மகள் அவருடைய கருவியை ஒரு வாரம் இரவல் வாங்கி வந்து, அதில் ஒரு பதிகத்தை ஏற்றி அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தார். அம்மையார் ஒரு பாட்டு ஓதியதும், "அடி எங்கே முடிகிறது என்று தெரியவில்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிதாக வாங்கும் செலவு மிஞ்சியது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குமுன் இப்படி இரவல் வாங்கி ஒரு வாரம் பழகிப் பார்ப்பதில் தாழ்வு ஏதுமில்லை.

நூல் எந்த வடிவில் இருக்கிறது?

பீரோவில் உறங்கிய டேப்பை மகள் எடுத்துச் சார்ஜ் செய்து பார்த்தபோது, தம்பி அதில் ஏற்றி வைத்திருந்த தேவாரம் கிடைத்தது. யாரோ பழைய பதிப்பைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்த கோப்பு. திறந்தால் முழுப்பக்கம், எழுத்தோ மிளகளவு. இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வோர் அடிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். ஓதுகிற வாய் நிற்கும், விரல் நடுங்கும், பக்கம் எங்கோ பறந்துவிடும். அம்மையார் அதை மூடி வைத்ததில் வியப்பே இல்லை.

படமாக உள்ள நூல், எழுத்தாக உள்ள நூல் என்ற இந்த வேறுபாட்டைப் பலர் அறியாமல்தான் கருவியைக் குறை சொல்கிறார்கள். எழுத்தாகத் தட்டச்சுச் செய்யப்பட்ட நூலில், அளவைக் கூட்டினால் எழுத்து மட்டுமே பெரிதாகும். வரிகள் தாமாகவே திரைக்குள் அடங்கி அமையும். கண்டுபிடிக்கும் வழி எளிது: எழுத்தைக் கூட்டிப் பாருங்கள். பக்கத்தின் ஓரம் திரையை விட்டு வெளியே ஓடினால் அது படம்.

தமிழ்ப் பக்தி இலக்கியம் எழுத்து வடிவில் கிடைப்பதற்குப் பலருடைய கைம்மாறு கருதாத உழைப்பு காரணம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்தும் பிழைதிருத்தியும் பழைய நூல்களை இலவசமாக அளித்திருக்கிறார்கள். திருமுறைகளும் நாலாயிர திவ்வியப் பிரபந்தமும் அதில் உண்டு. தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் இணையதளத்தில் பன்னிரு திருமுறைகளும் பொருளுரையுடன் இருக்கின்றன. பண்ணோடு பாடக் கேட்கவும் முடிகிறது. அந்த ஆதீனம் இருப்பதோ மயிலாடுதுறையிலேயே. ஊர்க்காரர்களின் திருமுறை உலகைச் சுற்றிவிட்டுத் தன் அம்மாவின் பூசையறைக்கு வரவேண்டியிருந்ததை எண்ணி மகள் சிரித்தாராம்.

வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஷ்ணு சகஸ்ரநாமம், நாராயணீயம் முதலியவற்றைத் தமிழில் அச்சிடும்போது க, ச, ட, த, ப எழுத்துகளின் தலைமாட்டில் 2, 3, 4 என்று சிற்றெண் இடுவார்கள். கோப்பு மாற்றத்தில் இந்தச் சிற்றெண்கள் சில சமயம் பெரிய எண்ணாகி எழுத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிடும். சில சமயம் காணாமலே போகும். உச்சரிப்பு பிசகக் கூடாது என்று கருதுபவர்கள், ஒரு பக்கத்தை அச்சுநூலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தக் கோப்பை நம்ப வேண்டும். இன்னும் சில பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை தெரியும். அவை யுனிகோடு முறை பரவலாவதற்கு முன் செய்யப்பட்டவை. கருவியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். வேறு கோப்பைத் தேடுவதே வழி.

கல்கி போன்றோர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருப்பதால் அவற்றை இலவசமாகப் பெறுவதில் தவறில்லை. ஆனால் இன்றைய பதிப்பகங்கள் வெளியிட்ட உரைநூல்களும் உபந்நியாசத் தொகுப்புகளும் வாட்ஸப்பில் படக்கோப்பாகச் சுற்றி வருகின்றனவே, அவை வேறு. உரையாசிரியருக்குச் சேர வேண்டிய பொருளை மறுத்துவிட்டு அவருடைய உரையால் புண்ணியம் தேடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

பத்து நாள் பழக்கம்

வலக்கண் அறுவை முடிந்து, மருத்துவர் சொன்ன இடைவெளிக்குப் பின் புதுக் கண்ணாடி வந்தது. மகள் மேலும் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். அவர் செய்த முதல் காரியம், தம்பி ஏற்றியிருந்த செயலிகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. செய்தி, விளையாட்டு, வாட்ஸப் யாவும் போயின. முகப்பில் மூன்று படங்கள் மட்டும்: தேவாரம், திருவாசகம், பேரப்பிள்ளைகளோடு பேசும் காணொளி அழைப்பு. ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் ஒரே செயலியைத் திரையில் பூட்டி நிறுத்தும் வசதி உண்டு. தவறி விரல் பட்டாலும் வேறெங்கும் போகாது. ஓதும் நேரத்துக்கு அதையும் பழக்கினார்.

அடுத்து வெளிச்சம். கடையிலிருந்து வரும்போது திரை கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு இருக்கும். பூசையறையின் குத்துவிளக்கு ஒளியில் அதைத் திறந்தால் முகத்தில் டார்ச் அடித்தாற்போல இருக்கும். ஒளியைக் குறைத்து, பக்கத்தின் நிறத்தைப் பழைய காகிதம் போல இளமஞ்சளாக மாற்றியதும் அம்மையாரின் சுருங்கிய புருவம் தளர்ந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலருக்கு உகந்தது. அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. "அமாவாசை மாதிரி இருக்கு" என்றார். இதில் பொதுவிதி ஏதும் இல்லை. அவரவர் கண் சொல்வதே கணக்கு.

விரல் பிரச்சினை எதிர்பாராதது. வயதானவர்களின் விரல்நுனி உலர்ந்திருக்கும். தொடுதிரை வேலை செய்வது விரல் கடத்தும் மிகச் சிறிய மின்னோட்டத்தால். தோல் உலர்ந்திருந்தால் சில வேளைகளில் அதற்குத் தெரிவதில்லை. அம்மையார் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் பயனில்லை, மெல்லத் தொட்டு எடுத்தால் போதும் என்பது பழக இரண்டு நாள் ஆயிற்று. தொடுதிரைக்கென்று ரப்பர் முனையுள்ள பேனா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அது கைக்கு வந்ததும் சிக்கல் தீர்ந்தது. ஓலைச்சுவடி காலத்து எழுத்தாணி போல இருக்கிறது என்று அவருக்கே அதில் ஒரு மகிழ்ச்சி. கை நடுங்குபவர்களுக்காக, தொடுகையைச் சற்றுத் தாமதித்து ஏற்கும்படி செய்யும் அமைப்பும் கருவிகளில் உண்டு. பிள்ளைகளிடம் கேட்டால் 'அணுகல்தன்மை' என்ற பகுதியில் தேடித் தருவார்கள்.

கையில் பிடிக்கும் தொல்லைக்கு வீட்டிலேயே விடை இருந்தது. மாமனார் காலத்து மர வியாசபீடம் பரணிலிருந்து இறங்கியது. அதில் டேப் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. விளக்குக்கு எட்ட வைத்தார்கள். எண்ணெய்ப் பசையும் கற்பூரச் சூடும் அதற்கு ஆகாது. சார்ஜ் துளையில் திருநீறு புகுந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க மூடியுள்ள உறை. புதிதாக வாங்குபவர்கள், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் டைப்-சி சார்ஜர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகைச் சிறு செருகியைத் தலைகீழாகச் சொருகி உடைத்த மூத்தோர் ஏராளம்.

வீட்டில் இணைய வசதி இல்லையே என்று தயங்குபவர்கள் உண்டு. ஒருமுறை பிள்ளையின் கைப்பேசி வழியாக நூல்களை இறக்கி வைத்துவிட்டால், பிறகு படிப்பதற்கு இணையமே வேண்டாம். சிம் அட்டை போடும் வகைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. கிண்டிலில், வெளியூரில் இருக்கும் மகன் மின்னஞ்சல் வழியே ஒரு நூலை அனுப்பினால், கருவி வைஃபையோடு இணையும்போது அது வந்து சேர்ந்துவிடும். ஆனால் அதன் கடை அதற்குள்ளேயே இருக்கிறது. விரல் தவறிப் பட்டால் நூல் வாங்கப்பட்டுவிடும். கடையைப் பூட்டும் வசதியை முதல் நாளே இட்டுவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாராயணத்துக்கென்று வைத்த கருவியில் வங்கிச் செயலியையோ, பணம் அனுப்பும் செயலியையோ ஏற்றவே கூடாது. அடையாள ஆவணம் காலாவதியாகிவிட்டது, கணக்கு முடக்கப்படும் என்று வரும் செய்திகளும், காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு காணொளியில் மிரட்டுபவர்களும் பெரும்பாலும் குறிவைப்பது தனியாக இருக்கும் மூத்தோரைத்தான். எந்த வங்கியும் கடவுச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் எண்ணையோ கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவுக்குப் பணம் மீள வாய்ப்பு. கருவிக்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துவது, உத்தரவாதக் காலத்தைக் குறித்து வைப்பது, திரைப் பூட்டின் எண்ணை நாட்குறிப்பில் எழுதுவது ஆகியவை சொல்லாமலே தெரிந்தவை.

கடைசித் தயக்கம்

எல்லாம் அமைந்த பிறகும் அம்மையாருக்கு ஒரு தடை நின்றது. புத்தகத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் பழக்கம். பேரனோடு காணொளியில் பேசுகிற அதே கண்ணாடியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதா? பூசையறைக்குள் அதைக் கொண்டுபோகலாமா?

மகளுக்கு விடை தெரியவில்லை. கோயிலில் ஓதுவாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தெருவிலேயே இருந்தார். அவரிடம் போய்க் கேட்டார்கள். தில்லையில் கோயிலுக்குள் பூட்டிக் கிடந்த திருமுறைச் சுவடிகளை நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட மன்னன் திறந்தபோது, பெரும்பகுதியைச் செல் அரித்திருந்த வரலாற்றை அவர் நினைவூட்டினார். "ஓலை போச்சு. பாட்டு போகலை. அப்புறம் காகிதம் வந்தப்பவும் மடி ஆசாரம் பார்த்து ஓலைதான் உசத்தின்னு சொன்னவங்க இருந்தாங்கம்மா. நீங்க நீறு பூசிக்கிட்டு உக்காந்து ஓதுங்க. எதிலே பார்த்து ஓதினீங்கன்னு கேக்கப்போறது யாரு?" என்றார்.

அம்மையார் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. யோசித்துத் தாமே ஓர் ஏற்பாடு செய்தார். காணொளி அழைப்புக்கு மகளின் பழைய கைப்பேசி; டேப் ஓதுவதற்கு மட்டும். அதன் முகப்பில் இப்போது இரண்டே படங்கள். சரஸ்வதி பூசையன்று அதற்கும் உறையின் பின்புறத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மற்ற புத்தகங்களோடு அடுக்கி வைத்தார். அன்று புத்தகம் படிக்கக் கூடாது என்பதால் அதையும் திறக்கவில்லை. பழைய அச்சுத் திருமுறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. காலையில் முதலில் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிட்டே வியாசபீடத்தின் முன் அமர்கிறார்.

இப்போது அவர் இரண்டாம் திருமுறையை முடித்து மூன்றாவதில் இருக்கிறார். எழுத்து இரண்டு விரற்கடை உயரம். நாளைக்கு ஒரு பதிகம் என்பது சில நாள் இரண்டாகிவிடுகிறது.

சென்ற மாதம் மகளுக்குத் தொலைபேசியில் ஒரு புகார் வந்தது. கோப்பில் ஓரிடத்தில் 'ழ'கரம் 'ள'கரமாக இருக்கிறதாம். இன்னோரிடத்தில் ஒரு சீரே விட்டுப்போயிருக்கிறதாம். பழைய புத்தகத்தைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டும் பார்த்துவிட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில், திருமுறை எண், பதிக எண், பாட்டு எண் இட்டு இதுவரை பதினோரு பிழைகள் குறித்திருக்கிறார்.

"யாருக்கு எழுதிப் போட வேண்டும் என்று விசாரித்துச் சொல்லு. நாலாம் திருமுறைக்குப் போவதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும்" என்றார்.